தண்ணீரை வடித்துப் பயிர் காத்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவோடு வரப்பில் நின்று சண்டை போட்டுவிட்டு மறுநாளே அவர் கையால் கூழ் வாங்கிக் குடித்த சாத்தாங்காட்டுக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் தம்பியாகிய என் வணக்கம். அக்கா போய் இந்த மார்கழியோடு ஓராண்டு நிறைகிறது. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. ராயபுரம் சரக்குக் கொட்டகையில் நான் முதுகில் சுமந்த மூட்டைகளின் மேல் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். எங்காவது பிழை கண்டால் மூட்டையைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

அக்கா பிறந்தது கொருக்குப்பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டிய குடிசையில். அப்பா வண்டிகளிலிருந்து நிலக்கரி இறக்குபவர். வீட்டுக்கு மூத்தவர் அக்கா, கடைசி நான். இடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அக்காவுக்கு உட்காரத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சோறு தின்னும்போதுகூட ஒரு கால் மடங்கியிருக்கும், இன்னொரு கால் எழுந்து ஓடத் தயாராக இருக்கும். மாமா, அதாவது அக்காவைக் கட்டியவர், அடிக்கடி கேட்பார்:

“இன்னாமே, உன் குதிகாலுக்கு அடியில யாருனா நெருப்பு வெச்சுகினே கீறாங்களா?”

“நீ உக்காந்துகினே கேளு, நான் நடந்துகினே பதில் சொல்றேன்” என்பார் அக்கா.

மாமா சாத்தாங்காட்டில் கால்வாய்க்கு மேற்கே ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்து வந்தார். கல்யாணமான நான்காம் வருடம் வாந்திபேதியில் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. “கொருக்குப்பேட்டைக்கே வந்துடு, பொம்பள தனியா இன்னா பண்ணுவே?” என்று போனவர் வந்தவர் எல்லாரும் கேட்டோம். கேட்டவர்களில் நானும் ஒருவன். அக்கா சொன்ன பதில் இன்றும் அந்தப் பக்கத்தில் பழமொழி போலப் புழங்குகிறது: “நெல்லு என் புருசனக் கேட்டா மொளைக்குது?”

அந்த நிலத்தைப் பற்றி வெளியூர் உறவினர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயலுக்குக் கிழக்கே கால்வாய். கடல் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாக அதில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். நல்ல மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் இனிக்கும். கார்த்திகை கழிந்ததும் கரிக்கத் தொடங்கிவிடும். அதனால் அங்கே பயிர் வைப்பவர்கள் பரம்பரையாகப் பிடித்துக்கொண்ட வழி ஒன்று உண்டு. மழைத் தண்ணீரை வயலில் தேக்கி வைத்தால் உப்பு அடியில் போய்விடும், மேலே வராது. பயிர் வாடினால் முதல் மருந்து தண்ணீரை ஏற்றிக் கட்டுவதுதான். சரியான வழிதான். வந்த நோய் உப்பாக இருக்கும் வரைக்கும் சரி.

நான் சொல்லப்போகிற வருடத்தில் அக்காவுக்கு உதவுகிறேன் என்று நான் ஒரு காரியம் செய்தேன். திருவொற்றியூர் குப்பத்தில் எனக்குத் தேசப்பன் என்று ஒரு தோஸ்து. கடலுக்குப் போகிறவன். அந்த வருடம் மீன் மிதமிஞ்சிக் கிடைத்து, விற்காத மீன் கரையில் காய்ந்து தூளாகக் கிடந்தது. “அள்ளிகினு போடா, நாத்தம் தாங்கல” என்றான். மூன்று வண்டி மீன்தூள் கொண்டுபோய் அக்காவின் வயலில் கொட்டினேன். பயிர் கண்ணைப் பறித்தது. பச்சை என்று சொல்ல முடியாது, கறுப்பு என்றே சொல்ல வேண்டும். தூருக்குத் தூர் நெருங்கி, நடுவில் கை நுழையாது. பக்கத்து வயல்காரர் முனுசாமி வரப்பில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, “யக்கா, உன் பயிரப் பாத்தா என் பயிரு எனக்கே புடிக்கல” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகை தீபம் கழிந்த வாரம், வயலின் நடுவில் முறத்தளவு இடம் காய்ந்திருந்தது. இரண்டு நாளில் பாயளவு. ஐந்தாம் நாள் நெல் அடிக்கும் களத்தளவு. யாரோ தீயைக் கொண்டுபோய் நடுவில் வைத்து வட்டமாகப் பரப்பியது போல இருந்தது.

“உப்பு ஏறிடுச்சு” என்றார் முனுசாமி. எல்லாரும் அதையே சொன்னார்கள். அக்காவும் வழக்கப்படி ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி முழங்கால் அளவு கட்டினார். வட்டம் முன்னைவிட வேகமாகப் பரவியது. அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வட்டங்கள். தண்ணீர் கட்டிய அந்த இரண்டு நாளுக்காக அக்கா தம்மைக் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது அக்கா சேற்றில் முகம் படும்படி குனிந்து கிடந்தார். பதறி ஓடினேன்.

“வா, வந்து வாய்ல வெச்சுப் பாரு” என்று வயல் தண்ணீரைக் கையில் ஏந்தினார். “கரிக்குதா?”

“இல்லக்கா.”

“உப்புன்னா கால்வா பக்கத்துலேந்துதானே வரணும்? அங்க ஓரத்துப் பயிரு ஜம்முனு கீது, நடுவுல செத்துகினு கீது. உப்புன்னா இலை நுனிதானே மொதல்ல கருகும்? இது அடியிலேந்து காயுது. கீழ பாருடா, மேலயே பாத்துகினு நிக்காத.”

தூரை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினார். தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே, தண்டைச் சுற்றித் தவிட்டு நிறத்தில் எள் ஒட்டிவைத்தது போலப் பூச்சி. நான் விரலைக் கொண்டுபோனதும் அவை பறக்கவில்லை. நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து தண்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டன. தண்டெல்லாம் பிசுபிசுப்பு. அதில் எறும்பு, கரிப்பூச்சு. ஒவ்வொரு பூச்சியும் ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகிச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

புகையான் என்றொரு பூச்சியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், ஆனால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. கண்ணில் படுகிற உப்புக்கே பழி போட்டுப் பழகிவிட்டோம். அக்கா அன்று முதல் தூர் தூராகக் குனிந்தார். ஒரு வாரத்தில் அந்தப் பூச்சியின் குடும்பக் கதையே அவருக்குத் தெரிந்துவிட்டது. “இதுல ரெண்டு ஜாதி கீதுடா. ஒருத்தன் முழுச் சட்டை போட்டவன், றெக்கை நீளம், எங்கேருந்தோ பறந்து வரான், வெளக்குல வந்து வுழறான். இன்னொருத்தி அரைச் சட்டைக்காரி. றெக்கை பாதிதான், வயிறு பெருசு. அவ எங்கயும் போ மாட்டா. இங்கியே உக்காந்து தண்டுக்குள்ள முட்டை வெச்சுகினே இருப்பா. முழுச் சட்டைக்காரன் விருந்தாளி. அரைச் சட்டைக்காரிதான் குடித்தனக்காரி.” தண்டின் உறையைக் கீறி, சிறு வாழைச்சீப்பு போல வரிசையாக இருந்த முட்டைகளையும் காட்டினார்.

அந்த வாரமே நிலக்காரரின் காரியஸ்தர் வந்தார். கூடவே உப்பளம் போடும் ஒரு குத்தகைதாரர். வரப்பில் நின்று வட்டங்களைப் பார்த்துவிட்டு, காரியஸ்தர் தலையை ஆட்டினார்.

“நிலம் உப்பாயிடுச்சும்மா. இனிமே இங்க நெல்லு எதுக்கு? கவனிப்பும் பத்தாது. தையோட வுட்டுடு. உப்பளத்துக்குக் கொடுக்கறதா பேச்சு நடக்குது.”

அந்த ஒரு காணி போனால் அக்காவும் பெண்ணும் எங்கே போவது? உப்பு என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு காரியஸ்தரை எப்படிக் குறை சொல்வது? அக்கா கையை நீட்டினார்.

“ஐயா, அந்தத் துண்டக் கொஞ்சம் குடுங்க.”

அவர் முகம் துடைக்கக் கேட்கிறார் என்று நினைத்துத் தோளிலிருந்த வெள்ளைத் துண்டைக் கொடுத்தார். அக்கா அதைத் தூர் அடியில் விரித்து, பயிரைச் சாய்த்து நாலு தட்டுத் தட்டினார். துண்டு வெள்ளையாகவே தெரியவில்லை. தவிட்டு நிறமாகி, அது பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது.

“உப்புக்குக் காலு கீதுங்களா ஐயா?”

குத்தகைதாரர் சிரித்துவிட்டார். காரியஸ்தர் இரண்டடி பின்னால் போய், “என் துண்டும்மா அது!” என்றார்.

“தொவச்சுத் தரேன். நெலத்த மட்டும் தொவைக்காதீங்க.”

கடைசியில் அவர் சொன்னது இதுதான்: “அறுப்பு வரைக்கும் பாக்கறேன். அளக்க வேண்டிய நெல்ல அளந்துட்டா நீயே பயிர் வை. இல்லேன்னா உப்பளம்தான்.”

அறுப்புக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அதன் பிறகு அக்கா மட்டுமா, நானும் உட்காரவில்லை. கொட்டகையில் மூட்டை தூக்கும்போது மனம் வயலில் இருக்கும், வயலில் நிற்கும்போது மனம் அறுப்பில் இருக்கும்.

முதலில் மண்ணெண்ணெய். மரத்தூளில் பிசறி வயல் தண்ணீரில் தூவி, நானும் அக்காவும் இரு வரப்பிலும் நின்று கயிற்றைப் பயிரின் மேல் இழுத்தோம். பூச்சிகள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்து எண்ணெய்ப் படலத்தில் செத்தன. எனக்கு ஒரே கொண்டாட்டம். எட்டு நாள் கழித்துத் தண்டுக்குள் இருந்த முட்டைகள் பொரித்து வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் வந்தன. எண்ணெய் கெட்டியாக விழுந்த இடத்தில் பயிரும் வெந்து போயிருந்தது. அக்கா செத்துக் கிடந்த சிலந்திகளை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். “பாவம்டா, இவங்க நம்ம ஆளு. குஞ்சத் துன்றவங்க. வூட்டுக் காவக்காரனையும் சேத்துக் கொன்னுட்டோம். இனிமே எண்ணெ வேணாம்.”

பிறகு அவர் ஒன்று சொன்னார். “தண்ணிய வடிச்சுடுவோம். அவங்களுக்கு நெழலும் ஈரமும்தான் வேணும். அடி காஞ்சு வெயிலு பட்டா தங்க மாட்டாங்க.”

உப்பு நிலத்தில் தண்ணீரை வடிப்பதா! வடித்துவிட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் காய்ந்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலே வரும். பூச்சிக்குத் தப்பிய பயிர் உப்பில் போகும். அக்காவுக்கு இது தெரியாததல்ல. மூன்று நாள் வடிப்பு, நாலாம் நாள் ஏரித் தண்ணீரில் ஒரு பாய்ச்சல், மறுபடி வடிப்பு என்று கணக்குப் போட்டார். ஆனால் எங்கே வடிப்பது? வழக்கமான வடிகால் முனுசாமியின் வயல் வழியாகத்தான்.

“யக்கா, உன் பூச்சிக்கு என் வயலு இன்னா சத்திரமா?” என்று குறுக்கே நின்றுவிட்டார் அவர். “தண்ணியோட மெதந்து வந்து என் பயிரையும் மேஞ்சுட்டுப் போறதுக்கு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கா திட்டிவிட்டு, பிறகு அதையும் ஒப்புக்கொண்டார். மீதி இருந்தது கால்வாய். கரையில் பழைய கல் மதகு ஒன்று மண்மூடிக் கிடந்தது. இரண்டு நாள் தோண்டித் திறந்தோம். இப்போது இன்னொரு கவலை. கால்வாயில் தண்ணீர் இறங்கும்போது மதகைத் திறந்தால் வயல் வடியும். ஏறும்போது திறந்திருந்தால் கடலே வயலுக்குள் வந்துவிடும். தேசப்பனைக் கூட்டிவந்தேன். அவன் கால்வாயையும் ஆகாயத்தையும் பார்த்துச் சொன்னான்: “அமாவாசைய ஒட்டித் தண்ணி நல்லா வத்தும். வெயிலு ஏறினப்புறம் தொறங்க. பொழுது மேக்க சாயறதுக்குள்ள அடைச்சுடுங்க. ஒண்ணு சொல்லிட்டேன் யக்கா, வாடைக் காத்து வலுத்தா என் கணக்கு செல்லாது.”

முதல் நாள் நன்றாக வடிந்தது. இரண்டாம் நாள் வாடை வலுத்தது. பொழுது உச்சி தாண்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கால்வாயில் மிதந்த செத்தைகள் நின்று, யோசித்து, திரும்பத் தொடங்கின. பலகையைச் செருகினால் ஊறிப் பெருத்துப் போய் அடி வரை இறங்கவில்லை. கீழே ஒரு சாண் இடைவெளி. தண்ணீர் உள்ளே நக்கியது. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அக்கா மதகுக்குள் இறங்கினார். பலகைக்கு முதுகைக் கொடுத்து, அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். அவர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“மண்ணு வெட்டுடா! என்னப் பாத்துகினு இன்னா நிக்கறே!”

அப்போது வரப்பில் ஒரு சத்தம். முனுசாமி வைக்கோல் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், வாய் நிறைய வசவோடு. “பைத்தியமாக்கா நீ? எந்திரி! உப்பு வந்தா உன்னோட என் வயலும் போச்சு! ஊரையே பேஜாருல வுடறே!”

“மொதல்ல வைக்கோலப் போடு. அப்புறம் உக்காந்து திட்டு.”

நாங்கள் இருவரும் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்து முடித்தபோது அக்காவின் முதுகு முழுக்கப் பலகைச் சிராய்ப்பு. முனுசாமி திட்டிக்கொண்டேதான் அவரைக் கைகொடுத்துத் தூக்கினார். மறுநாள் மதகுக்குப் புதுப் பலகை செதுக்கிக் கொண்டுவந்தவரும் அவரே.

அடி காய்ந்தது. எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டுப் பயிரை இரு பக்கமும் சாய்த்துப் பட்டம் பிரித்தோம். வெயிலும் காற்றும் தூர் வரை போயின. பூச்சி ஒரே நாளில் போகவில்லை. இன்று குறைந்தது போலிருக்கும், நாளை கூடினது போலிருக்கும். அக்கா வட்டங்களின் ஓரத்தில் குச்சி நட்டுக் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பார். பத்தாம் நாள் குச்சியை எந்த வட்டமும் தாண்டவில்லை. தை அறுப்பில் நடுவில் மூன்று வழுக்கை, மற்றதெல்லாம் நெல். காரியஸ்தர் அளந்து வாங்கிக்கொண்டு, புதுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

இங்கே நான் ஒன்றை எழுதியாக வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது சும்மா சொன்னதல்ல. அந்தப் பூச்சியை விருந்துக்கு அழைத்தது நான் கொட்டிய மூன்று வண்டி மீன்தூள். கொழுத்த பயிரில்தான் அது குடியேறும், நெருங்கிய நிழலில்தான் பெருகும். அறுப்பு முடிந்த அன்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார்: “பசிக்கு மேல போட்டா புள்ளைக்கும் பேதி, பயிருக்கும் பேதி. அடுத்த தபா அரை வண்டி போதும் நைனா.” அவ்வளவுதான். கவனிப்பு பத்தாது என்று காரியஸ்தர் ஊரறியச் சொன்னபோதும், பிறகு பலர் அதையே திருப்பிச் சொன்னபோதும், என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. இத்தனை வருடம் நானும் வாயைத் திறக்கவில்லை. குறை என்னுடையது. அக்காவினுடையது அல்ல. இதை அச்சில் பார்த்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

அதன்பின் கால்வாய் ஓரத்து வயல்காரர்கள் எல்லாரும் வருடந்தோறும் சேர்ந்தே வடிக்கிறார்கள். நடவை நெருக்குவதில்லை. சிலந்தி வலையைக் கலைத்தவர்களுக்கு அக்காவிடம் வசவு நிச்சயம். “கலீஜுன்னு நெனைக்காதே, அது கூலி கேக்காத ஆளு” என்பார். மகளுக்குக் கல்யாணம் முடித்தார், பேரனைப் பார்த்தார், அப்போதும் உட்காரவில்லை.

சென்ற மார்கழியில் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் படுக்கையில் கிடந்தார், அதாவது கிடக்க வைத்தோம். அந்த வாரம் மூன்று வயல்களில் பூச்சி தலைகாட்டியிருந்தது. அக்காவின் வயலும் அதில் ஒன்று. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கால்வாயைப் பற்றியே கேட்டார். “அமாவாச அன்னிக்குத் தொறங்க. அதுக்கு முன்ன வேணாம். என்னால நாள் தப்பிடப் போவுது” என்றார். அமாவாசையன்று விடியும்போது போய்விட்டார்.

அன்று கொருக்குப்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்த உறவினர்கள் பலருக்கு என் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. உச்சி வேளைக்கே எல்லாம் தயாராகிவிட்டது. நான் எடுக்க விடவில்லை. “யாருக்குப்பா காத்துகினு கீறே? எத்தினி நேரம்தான் கெடப்பில போடுவே?” என்று பெரியப்பா கத்தினார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வாசல் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது மேற்கே சாயச் சாய வயல் பக்கத்து வழியையே பார்த்தேன். தம்பி என்கிற முறையில் அந்த இடத்தை விட்டு மதகுக்கு நான் எழுந்து போக முடியாது. கோபித்த உறவினர்களுக்கு இதுதான் என் பதில். பொறுத்துக்கொண்டவர்களுக்கு இதுவே என் நன்றி.

தண்ணீரின் கணக்கைச் சொல்லிக்கொடுத்த தேசப்பனுக்கும், கூட நின்று வரப்பு கட்டிய சாத்தாங்காட்டு மக்களுக்கும், காய்ச்சலில் விழித்திருந்து பார்த்துக்கொண்ட அக்காவின் மகளுக்கும் மருமகனுக்கும் நான் பட்ட கடனைச் சொல்லில் அடக்க முடியாது.

அன்று பொழுது சாய்ந்த நேரத்தில் முனுசாமி வந்தார். இடுப்பு வரை சேறு. கூட்டம் வழிவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை, கால்கூடக் கழுவவில்லை. நேரே வந்து அக்காவின் காதருகே குனிந்தார்.

“மதக அடைச்சுட்டேன்க்கா. வயலு சுத்தமா வடிஞ்சுது. உப்பு ஒரு சொட்டு உள்ள வரல.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இப்ப தூக்கு நைனா” என்றார். தூக்கினோம்.